தம்பிக்கு முதலில் கொடுத்தது

மருந்துக்கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில், இலவசச் சட்ட உதவி மையம் இருந்தது. பிரேக் அக்கா அந்தப் படிக்கட்டு வரை மூன்று முறை போய், மூன்று முறையும் மருந்துக்கடைக்குள் நுழைந்து தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டாள். நான்காவது முறை கடைக்காரரே, "இவ்வளவு மாத்திரை போடாதீங்கம்மா, ஒரு டாக்டரைப் பாத்துடுங்க" என்றார். அந்த வெட்கத்தில்தான் அவள் படியேறினாள்.

பிரேக் அக்கா என்பது மாணவிகள் வைத்த பெயர். பதினெட்டு வருஷமாகப் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். ஒரு நாய் ரோட்டைக் கடக்கலாமா என்று யோசித்தாலே அக்காவின் கால் அதை அமுக்கிவிடும் என்று சொல்லிச் சிரிப்பார்கள். "வண்டியை யார் வேணா ஓட்டலாம், நிறுத்தத் தெரிஞ்சவதான் டிரைவர்" என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவளுக்குக் கடன் வாங்குவதை நிறுத்தத் தெரியவில்லையே என்று நாலு பேர் சிரிக்கப்போகிறார்கள். அவர்கள் சிரிப்பதற்கு முன்பே அதை நினைத்து நினைத்து அவள் செத்துக்கொண்டிருந்தாள்.

மேலே இருந்த வக்கீலம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றிவிட்டு, மேஜை முழுவதும் கண்ணாடியைத் தேடுகிற ஆள்.

"சொல்லுங்க."

"எனக்கில்ல. தெரிஞ்சவங்க ஒருத்தங்க. திவால் மனு போடலாமான்னு விசாரிச்சுட்டு வரச் சொன்னாங்க."

"சரி. அவங்க என்னென்ன கேக்கச் சொன்னாங்க?"

பிரேக் அக்கா கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். டிரைவிங் ஸ்கூல் ரசீதின் பின்பக்கம். அச்சிட்ட பெயர் தெரியாதபடி கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு படித்தாள்.

"ஜெயில்ல போடுவாங்களா?"

"மாட்டாங்க. கடனை அடைக்க முடியாம போறது குத்தமில்ல. பொய் சொல்றதுதான் குத்தம்."

"வீட்டுக்கு வந்து சாமானைத் தூக்கிட்டுப் போவாங்களா? கட்டில், அடுப்பு எல்லாம்?"

"அதை வச்சு அவங்க என்ன பண்ணுவாங்க? தொட மாட்டாங்க."

"பேப்பர்ல போட்டோ வருமா?"

"அதுக்கெல்லாம் பெரிய அளவுல ஏமாத்தியிருக்கணும். பதிவேட்டுல பேர் இருக்கும், தேடிப் பாக்குறவங்களுக்குத் தெரியும். ஆனா யாரு தேடப்போறா? அவனவனுக்கு அவனவன் பாடே பெரும்பாடா இருக்கு." வக்கீலம்மா கண்ணாடியைக் கண்டுபிடித்து மாட்டிக்கொண்டாள். "அந்தத் தெரிஞ்சவங்களுக்கு வண்டி ஏதாவது இருக்கா?"

"ஒரு கார். பழசு. அதுலதான் நான் கிளாஸ்..."

நாக்கைக் கடித்துக்கொண்டாள். வக்கீலம்மா எதுவும் கேட்காதவள் போல எழுதிக்கொண்டே சொன்னாள்: "பொழைப்புக்கான வண்டி. அவ்வளவு பழசுன்னா விட்டுடுவாங்க. உக்காருங்கம்மா. வந்ததுலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்கீங்க."

உட்கார்ந்ததும் அழுகை வந்துவிட்டது. கட்டைவிரல் ரசீதை விட்டு நகர்ந்தது.

கதை பெரிய கதை இல்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த பள்ளிக்கு இரண்டாவது கார் ஒன்று இருந்தால் இன்னும் நன்றாக ஓடும் என்று நினைத்தாள். வீடு பெரிதாக்கச் சேர்த்துவைத்திருந்த பணத்தைத் தம்பி தூக்கிக் கொடுத்தான். கார் வந்தது. அடுத்த வருஷமே லைசென்ஸ் தேர்வு மைதானத்தை நகரத்தின் அந்தக் கோடிக்கு மாற்றிவிட்டார்கள். அங்கேயே புதுப் பள்ளிகள் முளைத்தன. இருக்கிற மாணவிகளைப் பிடித்துவைக்க அவள் ஆபீசைப் புதுப்பித்தாள், வங்கிக் கடனில். பிறகு மழையில் வழுக்கிக் கணுக்கால் உடைந்து ஆறு மாதம் படுத்தாள். பிரேக் போட வேண்டிய கால். வாடகைக்கு ஒரு கிரெடிட் கார்டு, அந்தக் கார்டின் தவணைக்கு இன்னொரு கார்டு என்று குழியைத் தோண்டிக் குழியை மூடினாள். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன என்கிற நிலைக்கு வந்த பின்தான், அது தன் தலைக்கு மேல்தான் போகிறது என்பது அவளுக்கு உறைத்தது.

வக்கீலம்மா விண்ணப்பத்தை எடுத்து நீட்டினாள். பிரேக் அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது வெள்ளையா இருக்கே."

"பின்ன?"

"மஞ்சக் கடுதாசின்னுதான சொல்லுவாங்க."

வக்கீலம்மா சிரித்துவிட்டாள். பிரேக் அக்காவால் சிரிக்க முடியவில்லை. 'மஞ்சக் கடுதாசி கொடுத்த குடும்பம்' என்று பேசிப் பேசியே அவளுடைய சித்தப்பா மகளுக்கு இரண்டு சம்பந்தம் தட்டிப்போனது. அப்போது அந்தச் சொல்லை வாய் கூசாமல் சொன்னவர்களில் அவளும் ஒருத்தி.

விண்ணப்பத்தில் முக்கியமான பக்கம் கடன்காரர்களின் பட்டியல். தமிழில் கடன் கொடுத்தவனும் கடன்காரன், வாங்கியவனும் கடன்காரன். அதனால், "கடன்காரங்க யார் யாரு?" என்று வக்கீலம்மா கேட்டபோது, "நான்தான்" என்றாள் அவள். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். வங்கி, கார்டு கம்பெனிகள், ஆபீஸ் வீட்டுக்காரர், டயர் கடை, மெக்கானிக்.

"யாரையும் விடக் கூடாதும்மா. பணம் கட்டி கிளாஸ் முடியாத பொண்ணுங்க இருந்தா அவங்களும்தான்."

அப்படி மூன்று பேர் இருந்தார்கள். அவர்களுடைய பெயரைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது.

"கடைசி ஒரு வருஷத்துல சொந்தக்காரங்க யாருக்காவது கடனைத் திருப்பிக் குடுத்தீங்களா?"

"இல்ல" என்றாள் பிரேக் அக்கா. கேள்வி முடிவதற்குள்ளேயே பதில் வந்துவிட்டது.

*

அடுத்த வாரம் வங்கிக் கணக்கின் நகல்களோடு போனாள். வக்கீலம்மா பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நிறுத்தினாள். விரலை அங்கேயே வைத்துக்கொண்டாள்.

"எட்டு மாசத்துக்கு முன்னாடி ஒரு பெரிய தொகை போயிருக்கு. இது யாரு?"

"தம்பி."

"சொந்தக்காரங்க யாருக்கும் குடுக்கலன்னு சொன்னீங்க."

"அவன் கடன்காரன் இல்லீங்க. தம்பி."

அவள் பொய் சொல்ல நினைத்துச் சொல்லவில்லை. அல்லது அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எல்லாம் மூழ்கும் என்று தெரிந்த மாதத்தில் இரண்டாவது காரை விற்றாள். விற்ற பணம் தம்பி கொடுத்ததற்குப் போதவில்லை. குறைந்ததைக் கார்டிலிருந்து எடுத்தாள், கையில் இருந்த சில்லறையையும் போட்டு நிரப்பினாள். முழுப் பணத்தையும் ஒரே நாளில் அவன் கணக்கில் போட்டாள். இந்த இரண்டு வருஷத்தில் அவள் தலை நிமிர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான். மற்ற எல்லாவற்றுக்கும் கூனிக் குறுகியவள், அதை நினைக்கும்போது மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவாள்.

"அம்மா, நான் சொல்றதைப் பொறுமையா கேளுங்க" என்றாள் வக்கீலம்மா. "வாசல்ல பதினாலு பேர் பசியோட நிக்கிறாங்க. சட்டில கொஞ்சம்தான் இருக்கு. நீங்க ஒருத்தரை மட்டும் பின்வாசல் வழியா கூப்பிட்டு வயிறார போட்டு அனுப்பிட்டு, மத்தவங்ககிட்ட வந்து சட்டியைக் கவுத்துக் காட்டினா எப்படி? அதனாலதான் சட்டம் கேக்குது. வெளியாளுன்னா சில மாசக் கணக்குதான் பாப்பாங்க. சொந்தம்னா ஒரு வருஷம். திவால் மனுவை விசாரிக்கிற அதிகாரி அந்தப் பணத்தைத் திருப்பிக் கேப்பாரு."

"என்கிட்டயா?"

"உங்க தம்பிகிட்ட."

பிரேக் அக்காவின் வலது கால் மேஜைக்கு அடியில் தானாகத் தரையை அழுத்தியது.

"அவன் ஒரு தப்பும் பண்ணலையே!"

"பண்ணாருன்னு யாரும் சொல்லல. நீங்க வரிசையை மாத்திட்டீங்க, அவ்வளவுதான். அந்தப் பணத்தை எல்லாருக்கும் பிரிச்சுக் குடுப்பாங்க. தம்பிக்கும் அதுல ஒரு பங்கு வரும்."

"இன்னும் நாலு மாசம் பொறுத்து மனு போட்டா? அப்ப ஒரு வருஷம் தாண்டிடும்ல?"

"தாண்டிடும். ஆனா கார்டு கம்பெனி போட்ட கேஸ் அடுத்த மாசம் வருது. அதுல தீர்ப்பாச்சுன்னா கணக்கை முடக்கிடுவாங்க. ரொட்டி வாங்கக்கூட எடுக்க முடியாது. நாலு மாசம் தாங்குவீங்களா?"

அவளுக்கு நாலு நாள் தாங்குவதே சந்தேகம்.

"இதைச் சொல்லாம விட்டுட்டா?"

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றினாள். "அப்ப நான் உங்க வக்கீல் இல்ல. மனுவும் நிக்காது, கடனும் தீராது. கேட்டதைக் கேக்காத மாதிரி விட்டுடறேன். மனு போட்டு மூணு வாரத்துல தம்பிக்கு லெட்டர் போகும். அதுக்குள்ள நீங்களே நேர்ல போய்ச் சொல்லிடுங்க. லெட்டரைப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டா மனசு ஆறவே ஆறாது."

"சொல்லிடறேன்" என்றாள் பிரேக் அக்கா. சொல்லிவிடத்தான் நினைத்தாள்.

*

தம்பி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவன். நகரத்தின் ஓரத்தில் சின்ன வீடு, மனைவி, பத்தாவது படிக்கும் மகள். மனு போட்ட மூன்றாம் நாள் அவள் அந்த வீட்டுக்குப் போனாள். தம்பி இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. தம்பி மனைவி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேராக மாடிக்குப் போனாள்.

"பாருங்க அண்ணி. போன வருஷம் வரைக்கும் மழை பேஞ்சா இங்க ஏழு பாத்திரம் வைப்போம். இப்ப பாருங்க!"

கூரை புதிதாக இருந்தது. அதன் கீழே மகளுக்கென்று ஓர் அறை. சுவரில் வெளிர்நீல வண்ணம், ஜன்னலோரம் மேஜை. அண்ணன் மகளாக இருந்தாலும் தம்பி மகளாக இருந்தாலும் அத்தை என்றால் அத்தைதான். அந்தப் பெண் ஓடி வந்து, "அத்தை, கலர் நான்தான் சொன்னேன்" என்றாள்.

பக்கத்து வீட்டுப் பெண்மணியும் பார்க்க வந்திருந்தாள். தம்பி மனைவி அவளிடம், "எல்லாம் எங்க அண்ணி திருப்பிக் குடுத்த பணம்" என்றாள். "இந்தக் காலத்துல கூடப் பொறந்ததுக்குக் குடுத்த காசு கெணத்துல போட்ட கல்லுன்னு எங்கம்மா சொன்னாங்க. ஆனா எங்க அண்ணி ஒரே நாள்ல, முழுசா, கேக்காமலே குடுத்தாங்க. அவங்க கஷ்டம் அவங்களுக்கு. ஆனா சொன்ன சொல்லு சொன்ன சொல்லுதான்."

பிரேக் அக்கா சுவரைத் தடவிப் பார்த்தாள். "நல்லா இருக்கும்மா" என்றாள். தம்பி வந்தான், சாப்பிட்டார்கள், கடன் தொல்லை எப்படி இருக்கிறது என்று அவன் கேட்டான். "ஒரு வக்கீலைப் பாத்திருக்கேன், வழி இருக்குன்னு சொல்றாங்க" என்றாள். அவன் நிம்மதியாகத் தலையாட்டினான். அந்தத் தலையாட்டலைப் பார்த்த பிறகு எப்படிச் சொல்வது? செருப்பை மாட்டும்போது ஒரு தடவை வாயெடுத்தாள். "என்னக்கா?" என்றான். "ஒண்ணுமில்லடா. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

ஒரு வாரம் கழித்து ஆஸ்பத்திரிக்கே போனாள். வீட்டில்தான் வாய் வரவில்லை, வெளியிடத்தில் வரும் என்று நினைத்தாள். எக்ஸ்ரே அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். உள்ளேயிருந்து தம்பியின் குரல் வந்துகொண்டே இருந்தது. "மூச்சை இழுங்க. பிடிங்க. அசையாதீங்க. ம், விடலாம்." ஒவ்வொரு தடவையும் அவளும் மூச்சைப் பிடித்தாள். நோயாளிகள் வரிசை நீண்டிருந்தது. நடுவில் அவன் வெளியே எட்டிப் பார்த்து, "கால் மறுபடி வலிக்குதாக்கா?" என்று கேட்டான்.

"ஆமாடா. லேசா."

அவன் டாக்டரிடம் ஓடிப்போய்ச் சீட்டு எழுதி வாங்கி வந்து, அவளைப் படுக்கவைத்து, கணுக்காலை மெல்லத் திருப்பிவைத்துப் படம் எடுத்தான். திரையில் எலும்பைக் காட்டினான். "நல்லா சேர்ந்திருக்குக்கா. சும்மா பயப்படாத." வராத வலிக்கு மருந்துச் சீட்டு வாங்கிக்கொண்டு அவள் திரும்பி வந்தாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தன்னைத்தானே வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டாள்.

நாளைக்கு, நாளைக்கு என்று ஏழு நாளைக்குகள் போயின.

*

கடிதம் அவளை முந்திக்கொண்டது. காலை ஏழு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. தம்பி வேலைக்குப் போகிற உடையில் நின்றிருந்தான். கையில் கவர்.

"இது என்னக்கா?"

அவள் வாங்கவில்லை. அதில் என்ன எழுதியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"நான் பிரிச்சுப் படிக்கல. அவதான் படிச்சா. பக்கத்து வீட்டுக்காரம்மா நிக்கும்போதே படிச்சா. பணத்தைத் திருப்பிக் கட்டணுமாம், இல்லன்னா என் மேலயும் கேஸாம். என்னமோ நாம ரெண்டு பேரும் கூடிப் பேசித் திருடின மாதிரி எழுதியிருக்கு."

"உள்ள வாடா."

"வர்ல. நேரமாச்சு." ஆனால் அவன் போகவில்லை. "உனக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"ஒரு மாசமா."

அவன் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. "வீட்டுக்கு வந்தியே. ஆஸ்பத்திரிக்கு வந்தியே. இதைச் சொல்லத்தான் வந்தியா?"

"ஆமா."

"கால் வலின்னியே அக்கா!"

அவள் தரையைப் பார்த்தாள்.

"டாக்டர்கிட்ட கெஞ்சி சீட்டு வாங்கினேன். வரிசைல நின்னவங்க எல்லாரும் என்னைத் திட்டினாங்க, சொந்தக்காரியை முன்னாடி விடறேன்னு. உன் வாயை என்ன தச்சா வச்சிருந்தாங்க? பணம் போனா போகட்டும். கூரையைப் பிரிச்சா குடுக்க முடியும்? எப்படியோ கட்டிக்கிறேன். ஆனா அவ முன்னாடி நான் எப்படி நின்னேன் தெரியுமா? 'உங்கக்காவுக்குத் தெரிஞ்சிருக்காது, தெரிஞ்சா சொல்லாம இருப்பாங்களா'ன்னு அவதான் உனக்காகப் பேசினா. இப்ப நான் போய் அவகிட்ட என்ன சொல்லட்டும்?"

"நானே வந்து சொல்றேன்டா."

"ஒண்ணும் வேண்டாம். சொல்ல வேண்டிய நேரத்துல சொல்லல, இனி சொல்லி என்ன?"

அவன் படியிறங்கிப் போனான். அவள் கதவைச் சாத்த மறந்து நின்றாள். எதிர்வீட்டுக்காரர் செய்தித்தாளை எடுக்க வந்தவர், அவளைப் பார்த்து, தாளை எடுக்காமலே உள்ளே போய்விட்டார்.

*

கடன்காரர்கள் கூட்டம் என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை. கோட்டுப் போட்டவர்கள் வரிசையாக உட்கார்ந்து விரல் நீட்டுவதாகக் கனவு வந்தது. போய்ப் பார்த்தால் அது பள்ளிக்கூட வகுப்பறை அளவுக்கு ஓர் அறை. பிளாஸ்டிக் நாற்காலிகள். முன்னால் மேஜையில் ஒல்லியான அதிகாரி ஒருவர், பக்கத்தில் ஃபிளாஸ்க். ஒவ்வொருவருக்கும் பத்து நிமிஷம். வங்கியிலிருந்து யாரும் வரவில்லை, கார்டு கம்பெனியிலிருந்து ஒரு ஈ காக்கை இல்லை. பின்வரிசையில் இரண்டே பேர். ஒருவன் தம்பி. அவனுக்கும் அழைப்பு போயிருந்தது. இன்னொருத்தி, ஏதோ ஒரு பெரிய கட்டடத்தின் துப்புரவுச் சீருடையிலேயே வந்திருந்த பெண்.

பிரேக் அக்காவுக்கு அவளைத் தெரியும். பட்டியலில் இருந்த மூன்று மாணவிகளில் ஒருத்தி. ஆபீஸ்களைக் கூட்டித் துடைக்கிறவள். கார் ஓட்டக் கற்றால் அதே கம்பெனியில் டிரைவர் வேலைக்கு மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று சேர்ந்தவள்.

உண்மையே பேசுவதாக உறுதிமொழி எடுத்த பின் அதிகாரி வழக்கமான கேள்விகளைக் கேட்டார். எல்லாச் சொத்தையும் காட்டியிருக்கிறாளா, யாருக்காவது ஏதாவது எழுதிவைத்திருக்கிறாளா, எங்கேயாவது பணம் வர வேண்டியிருக்கிறதா. அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். பிறகு அவர் தாளைத் திருப்பினார்.

"காரை வித்த பணத்தை முழுசா தம்பிக்கே குடுத்திருக்கீங்க. பதினாலு பேர்ல ஏன் அவருக்கு மட்டும்?"

வக்கீலம்மா சொல்லிக்கொடுத்த பதில் ஒன்று இருந்தது. அது அந்த நேரத்தில் மறந்துபோயிற்று. அவள் உள்ளதைச் சொன்னாள்.

"மத்தவங்க மூஞ்சியை நான் திரும்பப் பாக்க வேண்டியதில்ல சார். இவன் மூஞ்சியை நான் சாகுற வரைக்கும் பாக்கணும்."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. சத்தமாக இல்லை.

"என் மூஞ்சியையும் பாத்தீங்களே."

சீருடைப் பெண் எழுந்து நின்றிருந்தாள். அதிகாரி, "உக்காருங்க, உங்களுக்குக் கேள்வி இருந்தா அப்புறம் கேக்கலாம்" என்றார். அவள் உட்காரவில்லை.

"கேள்வி ஒண்ணுதான் சார். வாரத்துக்கு ரெண்டு நாள் பக்கத்துல உக்காந்து சொல்லிக்குடுத்தாங்க. அஞ்சு கிளாஸ் ஆச்சு, ஏழு பாக்கி. சம்பளத்துல முன்பணம் வாங்கிப் பன்னெண்டு கிளாஸுக்கும் சேர்த்துக் கட்டினேன், சேர்த்துக் கட்டினா குறைச்சுத் தர்றேன்னாங்க. ஒரு நாள் வந்து பாத்தா ஆபீஸ் பூட்டியிருக்கு. போன் பண்ணா எடுக்கல. பாக்கி கிளாஸ் எப்பன்னு கேக்கத்தான் அரைநாள் லீவு போட்டு வந்தேன்."

"எப்ப பணம் கட்டினீங்க?"

அவள் தேதியைச் சொன்னாள். அதிகாரி தாளைப் பார்த்தார். ஒன்பது மாதத்துக்கு முன்பு. தம்பியின் கணக்குக்குப் பணம் போனதற்கு இரண்டு நாள் முன்பு. ஓரத்தில் ஒரு கோடு போட்டார். அறையில் இருந்த எல்லோருக்கும் அது புரிந்துவிட்டது. கையில் இருந்த சில்லறை என்று பிரேக் அக்கா இதுவரை நினைத்துக்கொண்டிருந்தது யாருடைய சம்பள முன்பணம் என்பது அவளுக்கும் அப்போதுதான் புரிந்தது. தலை நிமிர்ந்து செய்த ஒரே காரியமும் இப்படித்தானா?

"எனக்குத் தெரியாதும்மா" என்றாள். பிறகு, உறுதிமொழி எடுத்தது நினைவுக்கு வந்தவள் போல, "தெரியும். யோசிக்கல" என்றாள். "உங்க போன் வந்துச்சு. பேரைப் பாத்துட்டுத்தான் எடுக்காம விட்டேன்."

சீருடைப் பெண் உட்கார்ந்தாள். அதிகாரி ஃபிளாஸ்க்கைத் திறந்து, குடிக்காமல் மூடினார்.

வெளியே வராந்தாவில் தம்பி நின்றான். இரண்டு வாரமாக அவளோடு பேசாதவன்.

"அந்தம்மா காசும் என் கூரைலதான் இருக்கா?"

"எல்லாம் ஒரே கணக்குலதான்டா இருந்துச்சு. பிரிச்சுச் சொல்லத் தெரியல."

அவன் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பு ஒன்றை வெகுநேரம் படித்தான். படிக்க அதில் எதுவும் இல்லை. "தவணைல கட்டலாமான்னு அந்த ஆளைக் கேக்கறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

இரண்டு வருஷத் தவணைக்கு ஒப்புக்கொண்டார்கள். அதற்காக அவன் சனி, ஞாயிறுகளில் ஒரு தனியார் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுக்கப் போனான். இதை அவன் சொல்லவில்லை. அவன் மகள் ஒரு நாள் போனில், "அப்பாவுக்கு இப்ப லீவே கெடையாது அத்தை" என்று சாதாரணமாகச் சொன்னபோதுதான் தெரிந்தது.

*

ஐந்து மாதத்தில் கடன் தள்ளுபடி உத்தரவு வந்தது. ஒரே ஒரு தாள். அன்றோடு பயமெல்லாம் நின்றுவிடும் என்று நினைத்திருந்தாள். போன் அடித்தால் துள்ளுவது மட்டும் நின்றது. வக்கீலம்மாவிடம் கடைசியாக ஒரு கேள்வி கேட்டாள்.

"இதுக்கப்புறம் நானா யாருக்காவது குடுக்கணும்னு நெனச்சா?"

"தாராளமா குடுங்க. யாரும் உங்களைக் கேக்கக் கூடாதுன்னுதான் சட்டம். நீங்க குடுக்கக் கூடாதுன்னு இல்ல."

தேர்வு மைதானத்துக்குப் பக்கத்தில், அவளுடைய பள்ளியை விழுங்கிய பள்ளிகளில் ஒன்றில், சம்பளத்துக்குச் சேர்ந்தாள். முதலாளிக்கு அவள் வயதில் பாதி. முதல் நாளே, "அக்கா, நம்ம ஸ்கூல்ல அடிக்கடி பிரேக் போடக் கூடாது, ஸ்டூடண்ட்ஸ் பயந்துடுவாங்க" என்றான். "சரிங்க" என்றாள்.

சீருடைப் பெண்ணின் வேலையிடத்தைத் தேடிப் போனாள். வாளியும் துடைப்பமுமாக வந்தவள், "வேண்டாம். இப்ப வேற ஆளை எடுத்துட்டாங்க அந்த வேலைக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பத்து நாள் கழித்து அவளே கூப்பிட்டாள். "ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்கு வர முடியுமா?" முடியும் என்றாள் பிரேக் அக்கா. தன் பழைய காரில் ஏழு ஞாயிற்றுக்கிழமை போனாள். 'கிளட்சை விடுங்க', 'கண்ணாடியைப் பாருங்க' என்பதைத் தவிர இருவருக்கும் நடுவில் பேச்சு இல்லை. ஏழாவது வகுப்பின் முடிவில் அந்தப் பெண் சாவியைக் கொடுத்து, "சரி" என்றாள். இறங்கிப் போய்விட்டாள். லைசென்ஸ் வாங்கினாளா என்று பிரேக் அக்காவுக்குத் தெரியாது. கேட்கவும் முகமில்லை.

தம்பி ஒரு நாள் போன் செய்தான். அதிகாரி அலுவலகத்திலிருந்து அவனுடைய பங்குக்கு ஒரு காசோலை வந்திருக்கிறதாம்.

"எவ்வளவுடா?"

"ஒரு குடை வாங்கலாம். நல்ல குடை இல்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கலாமா என்று தெரியாமல் அடக்கினாள். மறுமுனையில் அவனும் அடக்குவது கேட்டது. "மாசா மாசம் கொஞ்சம் எடுத்து வைக்கறேன்டா உனக்கு" என்றாள். "மொதல்ல நீ ஒழுங்கா சாப்பிடு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

தம்பி மனைவி மட்டும் பேசவில்லை. கடிதம் வந்து எட்டு மாதம் கழித்து மகளின் பிறந்தநாளுக்குத் தம்பி கூப்பிட்டான். போனாள். முன்பெல்லாம் கதவைத் தள்ளிக்கொண்டு, "என்னம்மா பண்றீங்க எல்லாரும்" என்று குரல் கொடுத்தபடி உள்ளே போகிறவள். இப்போது செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, சேலை முந்தானையைச் சரிசெய்து, அழைப்பு மணியை அழுத்திவிட்டு இரண்டடி பின்னால் தள்ளி நின்றாள்.

தம்பி மனைவிதான் வந்தாள். கையில் மாவு. அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"கதவு தொறந்துதான கெடக்கு" என்றாள். "மணி எதுக்கு அண்ணி அடிக்கிறீங்க?"

அது கோபத்தில் கேட்டதா, வா என்று சொன்னதா? பிரேக் அக்காவுக்குப் பிடிபடவில்லை. அண்ணி என்றாள், அது போதும். தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள்.